இல்லை என்று எழுதிய கட்டம்

எங்கள் வீட்டிலிருந்து எந்தக் காகிதமும் என் கை படாமல் வெளியே போனதில்லை. மகனின் பள்ளி விண்ணப்பம், தண்ணீர் இணைப்புக்கான மனு, மனைவியின் வங்கிப் படிவம், எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எழுதியதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. படித்தால் என்னைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முப்பத்திரண்டு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. சோதனைக்குப் போன கடையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'படிக்கல்'. நான் தெருமுனையில் திரும்பும்போதே "படிக்கல் வருது, தட்டைத் தொடைங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும். வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உள்ளுக்குள் அந்தப் பெயரில் எனக்குப் பெருமைதான்.

மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் முன்கூட்டியே செய்கிறவள். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும், உண்டாவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆலோசனை கேட்டாள். அங்கே நாலு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். வழக்கம்போல அது என் மேஜைக்கு வந்தது.

மகன் கதவோரம் நின்று தன் மனைவியிடம் சொன்னான். "அப்பா எழுதினா பொய்கூட அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

அவன் கேலியாகச் சொன்னதுதான். மருமகளும் சிரித்தாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. இரு குடும்பங்களிலும் பிறவிக் குறையோடு பிறந்த குழந்தையோ, பிறந்ததும் இறந்த குழந்தையோ உண்டா? பெண் வீட்டாருக்கு ஒரு கட்டம், பையன் வீட்டாருக்கு ஒரு கட்டம். நான் சம்பந்தியம்மாளுக்கு போன் செய்து முறையாக விசாரித்தேன். அந்த அம்மாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் தங்கை மகனுக்கு இடது கையில் ஆறு விரல் என்றார். அதையும் எழுதணுமா என்று தயங்கினார். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் முறை என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

உண்டு. என் மூத்த குழந்தை. முப்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஸ்கேன் கிடையாது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். குழந்தை பிறந்த சில நிமிடங்களிலேயே என் அக்கா உள்ளேயிருந்து வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "நீ பாக்க வேண்டாம் தம்பி. தலைக்கு மேல மண்டை ஓடே இல்ல. பொறந்ததும் போயிடுச்சு. குறைமாசத்துல கலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். நம்ம வீட்டுப் பேரு கெடக் கூடாது." நான் பார்க்கவில்லை. மற்றதை அக்காவே பார்த்துக்கொண்டாள். என் மனைவியிடம் அதைப் பற்றி நான் பேசியது ஒரே தடவை. இனி யாரிடமும் பேச வேண்டாம் என்று சொன்னேன். அவள் பேசவில்லை. மூன்று வருடம் கழித்து மகன் பிறந்தான். அவன்தான் தலைச்சன் என்று ஊரும் நினைத்தது, அவனும் நினைத்தான்.

அந்தக் கட்டத்தில் எழுதும்போது என் கை நின்றது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நிற்கவில்லை. மகனும் மருமகளும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, மூன்றாம் மாத ஸ்கேனுக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். மகன், மருமகள், என் மனைவி, சம்பந்தியம்மாள், நான். ஸ்கேன் அறைக்கு வெளியே நீல நிற நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே போன மற்ற பெண்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். மருமகள் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து வேறொரு டாக்டர் வேகமாக உள்ளே போனார். என் மனைவி எழுந்து சுவரோரம் போய் நின்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு எங்களை ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். குழந்தைக்கு மண்டை எலும்பு உருவாகவில்லை. மூளையும் வளரவில்லை. இதற்கு மருந்தில்லை, அறுவைச் சிகிச்சையில்லை. வயிற்றில் இருக்கும்வரை இதயம் துடிக்கும். பிறந்தால் நிமிடங்களோ சில மணி நேரமோதான். கர்ப்பத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை நீங்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மகனையும் மருமகளையும் பார்த்துச் சொன்னார்.

"துடிக்குதா?" என்று மருமகள் கேட்டாள். "இப்ப?"

"துடிக்குதும்மா."



டாக்டரம்மா கோப்பைத் திறந்து மூன்றாம் பக்கத்தை எடுத்தார். என் எழுத்து தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ரெண்டு குடும்பத்திலும் இதுபோல யாருக்கும் இருந்ததில்லையா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இருந்திருந்தால் உண்டாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையை அதிக அளவில் கொடுத்திருப்பார்களாம். எல்லோருக்கும் கொடுப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி இருந்தது தெரிந்தால் ஐந்து மில்லிகிராம்.

சம்பந்தியம்மாள் ஆறு விரலைப் பற்றித் திரும்பவும் சொன்னார். பிறகு தன் அத்தை ஒருத்திக்குக் காது கேட்காது என்றார். தன் மாமனாருக்கு ஒரு கால் சற்றுக் குட்டை என்றார். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை அம்மா என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல அவர் இன்னும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே இருந்தார்.

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நகைக்கடைத் தராசுகளில் மில்லிகிராம் வரை சோதித்தவன் நான். எத்தனை கடைகளுக்குச் சீல் வைத்திருக்கிறேன். அங்கே வாயைத் திறக்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா வந்து காத்திருந்தாள். மகன் போனில் சொல்லியிருக்கிறான். மருமகள் நேரே தன் அறைக்குப் போனாள். கூடத்தில் சம்பந்தியம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுல இப்படி ஒண்ணு கேட்டதே இல்லையம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு விரல் கதையெல்லாம் யாரு சொன்னா?"

அவள்தான் அன்று அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் சொன்னாள். நம் வீட்டுக்கு ஒரு சொல் வருமுன் அதை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் உண்டு.

சம்பந்தியம்மாள் எழுந்தார். "தப்பு எங்க பக்கம்தான் இருக்கும் சம்பந்தி. எங்க ரத்தத்துல ஏதோ குறை. பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன். மாப்பிள்ளைக்கு நீங்க வேற..." முடிக்க முடியாமல் நின்றார். எனக்குக் கை கூப்பினார்.

என் எதிரே யாராவது கை கூப்புவது எனக்குப் புதிதல்ல. கள்ளத் தராசு வைத்தவர்கள் கூப்பியிருக்கிறார்கள். இந்த அம்மாள் எந்தத் தப்பும் செய்யாமல் கூப்பினார். சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"குறை உங்க பக்கம் இல்லைம்மா. எங்க பக்கம்தான். எங்களுக்கு முதல்ல ஒரு குழந்தை பொறந்துச்சு. இதே மாதிரி. நான்தான் மறைச்சேன்."

"தம்பி," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா."

அறைக் கதவு திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மருமகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மகன்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த மாத்திரை, மாமா," என்றாள். "அதைச் சாப்பிட்டிருந்தா?"

எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, அதைச் சாப்பிட்டும் சிலருக்கு இப்படி வருகிறது, ஆனால் வாய்ப்பு நன்றாகக் குறைந்திருக்கும் என்று பதில் வந்தது. எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்டாள். டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார். கணக்கு டீச்சர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மகன் என்னோடு பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். "எழுதறப்ப ஒரு நிமிஷம் யோசிச்சீங்களாப்பா?"

"இல்லைப்பா," என்றேன். இந்த விஷயத்தில் அவனுக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நிறுத்திவிடுவது என்று அவர்கள் இருவரும் முடிவு செய்தார்கள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்னை வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்னால் ஒரு ஆட்டோவில் போய் அதே நீல நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்தேன்.

அனுமதிப் பிரிவில் புதிய படிவம் கொடுத்தார்கள். பழக்கத்தில் என் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை இழுத்துக் குனிந்து எழுதினான். அவன் எழுத்து எப்போதும் கோணல். சின்ன வயதில் அதற்காக நிறைய அடித்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் மனைவிக்குப் படித்துக் காட்டினான். அவள் சரி என்றதும் அடுத்த வரிக்குப் போனான்.

மூன்றாம் பக்கத்தில் அதே கேள்வி வந்தபோது தன் அம்மாவைக் கூப்பிட்டான்.

"எந்த வருஷம்மா?"

அவள் வருடத்தைச் சொன்னாள். மாதத்தையும் தேதியையும் சேர்த்துச் சொன்னாள்.

"பையனா, பொண்ணா?"

எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"பொண்ணு," என்றாள். "நாப்பது நிமிஷம் உயிரோட இருந்தா. அதையும் எழுது."

மகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினான். கட்டம் போதவில்லை. கோட்டைத் தாண்டி ஓரத்தில் எழுதினான். மருமகள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் வந்து அவளைக் கூட்டிப் போனாள். அவள் என் நாற்காலியைக் கடக்கும்போது நான் எழுந்து நின்றேன். அவள் நிற்கவில்லை. சம்பந்தியம்மாள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். கதவு தானாக மூடிக்கொண்டது.

என் மனைவி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அக்கா அன்றைக்கு வெளியே வந்து சொன்னபோது குழந்தைக்கு உயிர் இருந்திருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

"பொறந்ததும் போயிடுச்சுன்னுதானே அக்கா சொன்னா," என்றேன். "நீயாவது சொல்லியிருக்கலாமே."

"பேசக் கூடாதுன்னீங்க," என்றாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். மணி பத்தேகால் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.