கொசு வராத ஜூலை

"கொசு இல்லாத வாரம் எதுன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க கிளம்பி வந்துடறோம்."

தொலைபேசியில் கேட்டவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ரிஸ்டென் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள். வடகாற்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருந்தது. படகுத்துறைக் கொடி விறைத்து நின்றது. நாசமாய்ப் போக, இன்றைக்கும் இது அடங்கப் போவதில்லை.

"இதுதாங்க அந்த வாரம். இந்த வருஷம் கொசுவே கிடையாது. தாராளமா வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த வேகத்தில் காபிக் கோப்பை குலுங்கியது.

வடகோடித் தேசியப் பூங்காவின் வாசலில், ஏரிக்கரைக் குடிசையில், அவளுக்கு இதுதான் வேலை. எப்போ வரலாம், எப்போ வரலாம் என்று உலகமே அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்தில் வராதீர்கள், பனி உருகி ஓடையெல்லாம் இடுப்பளவு ஓடும். ஜூலையில் கொசு பிடுங்கும். ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள், கொசுவும் செத்திருக்கும், பழமும் பழுத்திருக்கும். செப்டம்பரில் மலை சிவந்து கிடக்கும், ஆனால் காலையில் கூடாரத்தைத் தட்டினால் உறைபனி கொட்டும். அக்டோபரில் சும்மா வீட்டிலேயே இருங்கள். படகும் போகாது, பனிச்சறுக்கும் ஓடாது, எங்களுக்கே போகப் போக்கிடம் இருக்காது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

இந்த வருஷம்தான் கணக்கு தப்பிப்போனது. ஜூலை பிறந்ததிலிருந்து குளிர்காற்று ஓயவில்லை. கொசு புல்லுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. வந்த விருந்தாளிகள் கொசுவலைத் தொப்பிகூட இல்லாமல் நின்று படமெடுத்து, "என்ன அதிர்ஷ்டம் பாருங்க!" என்று அவளிடமே சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. கொசு வரவில்லை என்று வயிறு எரிகிற ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஊருக்குத்தான் வர வேண்டும்.

காரணம் மான். கொசு கடித்தால்தான் காடெங்கும் சிதறிக் கிடக்கிற, ஊரார் வளர்க்கும் பனிமான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காற்றடிக்கிற மொட்டை உச்சிக்கு ஏறும். அப்போதுதான் அவற்றை வளைத்து, மறுபக்கம் இறக்கி, பட்டியில் அடைக்க முடியும். பட்டிக்குள் தாய் எதுவோ அதன் பின்னால் ஓடும் குட்டியைப் பிடித்து, தாயின் சொந்தக்காரருக்கு உரிய காதுவெட்டைப் போடுவார்கள். கோடைக்குள் வெட்டு விழவில்லை என்றால் போச்சு. குளிர் தொடங்கியதும் குட்டி தாயை விட்டு விலகிவிடும். முழுக்காதோடு திரிகிற குட்டி யாருடையது என்று யாரும் சொல்ல முடியாது.

ரிஸ்டெனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெட்டை. ஒரு கொம்பு மட்டும் முகத்துப் பக்கம் வளைந்திருப்பதால் அதற்குக் கோணக்கொம்பி என்று பேர். வயதாகிவிட்டது. மே மாதம் அது ஒரு குட்டியோடு நின்றதை அவளுடைய அண்ணன் ஊலா பார்த்திருந்தான். இனியொரு குட்டி போடுமா என்பது சந்தேகம்தான்.

ஈஸ்டருக்கு அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்தது.

"ரெண்டு வருஷமா பட்டிப் பக்கம் எட்டிப் பாக்கல நீ," என்றான் ஊலா, எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "கவுன்ட்டர்ல உக்காந்து ஊரான் வீட்டு ஆளுக்கெல்லாம் மலை காட்டற. மலைக்கே வராதவளுக்குத் தனி வெட்டு எதுக்கு? பேசாம என்னோடதுல சேத்துரு."

"நான் வேலைக்குப் போகாம உன் வீட்டு அடுப்புலயா சாப்பிட முடியும்?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவளுக்கு மூக்கின் மேல் கோபம். "இந்த வருஷம் நான் வரலேன்னா உன் வெட்டையே போட்டுக்கோ! போதுமா?"

ஊலா தலையாட்டினான். அவன் சொன்ன சொல்லை விடாத ஆள், மற்றவர்கள் சொன்னதையும் விடாதவன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். வலது காது நுனியில் மீன்வால் மாதிரி ஒரு வெட்டு. ஞானஸ்நானத்தன்று அவளுக்கென்று கொடுத்தது. மலையில் அவள் பேர் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் காதில்தான் இருந்தது. அதையா கோபத்தில் தூக்கிக் கொடுத்தோம் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

அந்தப் போன் வந்த அன்று காலையில்தான் தெற்கிலிருந்து ஒரு நடைக்குழு வந்திறங்கியது. தலைவி ராய்லி, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, கழுத்தில் விசிலோடு வந்தவள்.

"ஒருவேளை கொசு திடீர்னு வந்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"அக்கரை ஸ்கியெர்ரி மலை உச்சிக்கு ஏறிடுங்க," என்றாள் ரிஸ்டென், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அங்க கோடையிலயும் உருகாத பழம்பனி கிடக்கு. காத்து எப்பவும் இருக்கும். பக்கத்துலயே கூடாரம் போட்டுக்கலாம்."

குழு படகேறி அக்கரைக்குப் போனது. அது அவள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த பதில். மான் ஏறுகிற நாட்களில் மட்டும், 'உச்சிக்குப் போகாதீர்கள்' என்று துறையில் பலகை மாட்டுவாள். அந்தப் பலகை இந்த வருஷம் கதவுக்குப் பின்னால் தூசி படிந்து நின்றது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடி தொங்கிவிட்டது. முதலில் அவள் நம்பவில்லை. ஏரி கண்ணாடியாகி, வெயில் சுள்ளென்று இறங்கியது. வெளியே காபி விற்கிற அவுனே பட்டென்று தன் கழுத்தில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, கடிச்சிடுச்சு!"

"எங்க? காட்டு, காட்டு!" ரிஸ்டென் ஓடிப்போய் அந்தத் தடிப்பைப் பார்த்தாள். அவுனேயின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்காத குறை.

சிறிது நேரத்தில் ஊலாவிடமிருந்து செய்தி வந்தது. மான் கிளம்பிடுச்சு. பட்டிக்கு வா.

"அவுனே, கவுன்ட்டரைப் பாத்துக்கோடி. யாராவது கேட்டா செத்துப்போயிட்டேன்னு சொல்லு!" கத்தியை இடுப்பில் செருகி, சிவப்பு ஜாக்கெட்டையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு துறைக்கு ஓடினாள். படகின் இயந்திரத்தைக் கிளப்பி, நடு ஏரிக்கு வந்து, முகத்தில் மொய்த்த கொசுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஸ்கியெர்ரி மலையை நிமிர்ந்து பார்த்தபோதுதான் ராய்லியின் ஞாபகம் வந்தது. கொசு வந்துவிட்டது. அவள் சொன்னபடியே அந்தக் கும்பல் இந்நேரம் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

ஊலாவுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. மலைக்குப் பின்னால் போய்விட்டால் யாருக்கும் கிடைக்காது.

அக்கரையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பட்டி. வலது பக்கம் உச்சி. உச்சியில் ஒரு மஞ்சள் கூடாரம் படபடத்தாலும் போதும், மந்தை மிரண்டு வந்த வழியே சிதறும். காற்று இந்த ஒரு நாளைக் கொடுத்ததே பெரிது. நாளைக்குக் காற்று திரும்பிவிட்டால் இந்தக் கோடையில் யாருடைய குட்டிக்கும் வெட்டு கிடையாது. ஆனால் உச்சிக்குப் போனால் வெட்டுப் போடுகிற நேரத்துக்குள் பட்டிக்குப் போய்ச் சேர முடியாது. 'நான் வரலேன்னா உன் வெட்டையே போட்டுக்கோ.' அவள் வாய்தான் சொன்னது. காலையில் கூடாரம் போடச் சொன்னதும் அதே வாய்தான்.

"இந்த வாயைத் தைச்சாத்தான் உருப்படுவேன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வலது பக்கம் ஏறினாள்.

உச்சியில் பழம்பனியைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளும் நீலமுமாகத் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. அங்கே மட்டும் காற்று கொஞ்சம் வீசியது.

"நீங்க சொன்னது அப்படியே சரியா இருக்குங்க!" என்று ராய்லி கையை விரித்துக்கொண்டு வந்தாள்.

"கூடாரத்தையெல்லாம் இறக்குங்க. இப்பவே. அந்தப் பாறைக்குப் பின்னால போய்ப் படுங்க."

"பாறைக்குப் பின்னால காத்தே இல்லையே! கொசு எங்களைத் தின்னுடும்," என்றான் தடித்த ஒருவன். "நாங்க ஓய்வெடுக்க வந்திருக்கோம் மேடம்."

"இது உங்களுக்கு லீவு. கீழேருந்து ஏறி வர்றது எங்களுக்கு ஒரு வருஷப் பொழப்பு!" கத்திவிட்டு அவள் கையைக் கூப்பினாள். "தப்பு என்மேலதான். நான்தான் உங்களை இங்க அனுப்பினேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், படுங்க."

ராய்லி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, பள்ளிக்கூட மைதானத்துக் குரலில், "கூடாரம் இறங்கட்டும்! பெர்ட்டி, வாயை மூடு! முதல்ல உன்னோடதை இறக்கு!" என்றாள். நல்லவேளை, விசிலை ஊதவில்லை.

பாறை மறைவில் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். கொசு கவிந்தது. "அடிக்காதீங்க, கையை அசைக்காதீங்க," என்று ரிஸ்டென் கிசுகிசுத்தாள். பெர்ட்டி பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று முனகினான். ராய்லியின் கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது, ஆனாலும் அவள் விரலைக்கூட ஆட்டவில்லை.

முதலில் மான்கள் நடக்கும்போது கணுக்கால் சொடக்குகிற சத்தம் வந்தது. பிறகு செருமல். பிறகு கொம்புகள், கொம்புகள். பழம்பனி முழுக்கச் சாம்பல் முதுகுகள் வந்து நெருங்கி நின்றன. ரிஸ்டென் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினாள். வந்துவிட்டது, கடைசி வரிசையில், முகத்தில் வளைந்த அந்தக் கொம்பு. பக்கத்தில் கறுத்த குட்டி ஒன்று, இரண்டு காதும் முழுசாக, பாறையைப் பார்த்துக்கொண்டு. கைக்கெட்டும் தூரம்தான். கையை நீட்டினால் எல்லாம் கெட்டது. அவள் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கீழிருந்து நாய்களோடு ஆட்கள் மெல்ல ஏறி வந்தார்கள். மந்தை அசைந்து, உச்சியைக் கடந்து, மறுபக்கம் பட்டியை நோக்கி வழிந்தது. பின்னால் சின்னதாய் ஊலா போனான். அவன் பாறைப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி நாயும் மறையும் வரை யாரையும் அவள் எழ விடவில்லை. பிறகு எழுந்து ஓடினாள். இறக்கத்தில் புதைசேறு, சுற்றுவழி. பாதி வழியில் முதுகில் சில்லென்று பட்டது. வடகாற்று திரும்பிவிட்டது. பட்டிப் பக்கம் நாய்ச் சத்தம் ஓய்ந்தபோது வெட்டெல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் ஓடினாள்.

பட்டிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மிதிபட்ட சேறு மட்டும். ஊர்க்காரர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வீங்கிய முகத்தைப் பார்த்து யாரும் கேலி பேசவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஊலா எழுந்து வந்தான். "லேட்டு."

"தெரியும்."

"வரலேன்னா என் வெட்டைப் போட்டுக்கச் சொன்ன."

"சொன்னேன்ணே." அவளுக்குக் கண் நிறைந்தது. "சொன்னது சொன்னதுதான்."

"உச்சியில கூடாரம் நிக்கறதை பைனாகுலர்ல பாத்தேன். சரி, இந்த வருஷம் அவ்வளவுதான்னு உக்காந்துட்டேன். பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணொண்ணா சாயுது." மூக்கை உறிஞ்சினான். "சிவப்பு ஜாக்கெட் ஒண்ணு கத்திக்கிட்டுத் திரியுது. நம்ம வீட்டுல யாரு அப்படிக் கத்துவான்னு எனக்குத் தெரியாதா? கையை நீட்டு."

வெட்டிய காதுத்துண்டுகளைக் கீழே போடாமல் சட்டைப்பையில் சேர்த்து வைத்து, கடைசியில்தான் குட்டிகளை எண்ணுவார்கள். ஊலா தன் பையை அவள் உள்ளங்கையில் கவிழ்த்தான். அவனுடைய வெட்டு சாய்வெட்டு. விழுந்த துண்டுகளெல்லாம் ரத்தம் காயாத சாய்ந்த துண்டுகளாகவே இருந்தன. அவள் விரலால் விலக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு முக்கோணம் கிடந்தது. மீன்வால் வெட்டினால் மட்டும் விழுகிற துண்டு.

அதை எடுத்து மூடிய கையோடு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மறுபடி விரித்துப் பார்த்தாள்.

"கோணலா வெட்டிருக்கியேண்ணே."

"கொசு கடிச்சுதுடி, அதான்," என்றான் ஊலா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் கடிக்குது பாரு, சனியன்."

காற்று திரும்பி வெகுநேரம் ஆகியிருந்தது. பட்டியில் ஒரு கொசுகூட இல்லை.