சுவிஸ் தோல்

மின்ஹாஜின் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கைறுன்னிஸா துள்ளினாள். இரண்டு பிள்ளைகளின் தாய், ஏறாவூர்ப் பிரதான வீதியில், பட்டப்பகலில், ஒரு கறுப்புப் பையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு கயிறடிக்கும் பிள்ளையைப் போல் துள்ளினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மின்ஹாஜ் கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற பிரஷாந்திக்கு மட்டும்தான் அதன் காரணம் தெரியும். அபாயாத் துணி வழுக்கும். ஸ்கூட்டரின் பின்னால் இருந்து போகையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பை இடுப்பிலிருந்து முதுகுக்கு ஓடிவிடும். ஓடாத பையொன்று வேண்டுமென்றால் துள்ளித்தான் பார்க்கவேண்டும்.

இருவரும் குடிநீர்க் கிணறு கட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர்கள். பிரஷாந்தி நாவற்குடாவிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள்; ஏறாவூர்ச் சந்தியில் கைறுன்னிஸா ஏறிக்கொள்வாள்; அங்கிருந்து வடக்கே பனிச்சங்கேணி வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே போவார்கள். இத்தனை நாளும் கைறுன்னிஸா மகள் கழித்துவிட்ட பள்ளிக்கூடப் பையைத்தான் கொண்டு திரிந்தாள். அதில் முடி சூடிய இளவரசி ஒருத்தி ஒற்றைக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருப்பாள். மற்றக் கண் தேய்ந்துபோயிற்று. புதிதாக வந்த முகாமையாளருக்கு இளவரசியைப் பிடிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் வரப்போகிறார்கள், எல்லாரும் கொஞ்சம் ப்ரொஃபெஷனலா இருங்க என்று கூட்டத்தில் சொன்னார். சொன்னபோது அவர் பார்த்தது யாரை என்று எல்லாருக்கும் விளங்கியது.

"இது தோலா காக்கா?" என்று கைறுன்னிஸா கேட்டாள்.

"தோல் மாதிரித்தான் தங்கச்சி."

"மாதிரியெல்லாம் எனக்கு வேணா. ரெண்டு வெயில் கண்டா உரிஞ்சி வந்திரும்."

"அப்ப மாட்டையே வாங்கித் தோளுல போட்டுட்டுப் போங்க" என்றார் மின்ஹாஜ்.

கடையில் இருந்த பை அத்தனையும் இறங்கி வந்தது. ஒன்றுக்குள் கோப்பு மடியாமல் போகவில்லை. ஒன்றின் ஸிப் உப்புக்காற்றுக்கு ஒரு மாதம் தாங்காது. ஒன்றில் கோப்பு, விவரம் பதியும் டெப், தண்ணீர் சோதிக்கும் பெட்டி எல்லாம் அடங்கின, ஆனால் தொழுகை உடுப்புக்கு இடமில்லை. பகல் தொழுகை அவளுக்குக் களத்தில்தான்; அந்த உடுப்பு இல்லாமல் அவள் வீட்டுப்படி இறங்கமாட்டாள். இப்படியே அரைமணி நேரம் போனபின் பிரஷாந்திக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, தம்பி சுவிஸிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது, பாரமாக இருக்கிறதென்று அலுமாரிக்கு மேலே போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். கடைக்காரருக்கு முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

அடுத்த நாள் சந்தியில் வைத்துப் பையைக் கொடுத்தாள். சாமான் என்றால் அது சாமான். தேன் நிறம், மேலே மூடிவிழும் அகலமான மடிப்பு, பித்தளைக் கொளுக்கி, உள்ளே மூன்று அறை. பட்டி அபாயாவில் ஒட்டினாற்போல் நின்றது. கைறுன்னிஸா வீதியிலேயே இரண்டு தரம் துள்ளிப் பார்த்தாள்.

"இது என்ன தோல் கா?"

அங்கேதான் பிரஷாந்தி வாயைக் கொடுத்தாள். மடிப்பின் உட்பக்கத்தில் ஒரு நீளமான சொல் தோலிலேயே அழுத்தியிருந்தது. எஸ், சி, எச், டபிள்யூ என்று தொடங்கி லேடர் என்று முடிந்தது. லேடர் என்றால் லெதர். அதற்குப் படிப்பு வேண்டாம். தொடக்கமும் அவளுக்குத் தெரிந்ததுதான். தம்பி உதயரூபன் அனுப்பும் பொதிகளிலெல்லாம் நாட்டின் பெயர் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். இஞ்ச சுவிஸ் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க, ஷ்வைட்ஸ் எண்டுதான் சொல்லுவாங்க என்று அவன் எத்தனை தரம் பீற்றியிருக்கிறான்.

"சுவிஸ் தோல்" என்றாள். "இஞ்ச பார், எழுதியே கிடக்கு."

"சுவிஸ் மாடா?"

"பின்ன? சொக்லட் பெட்டியிலயும் மாடுதானே கா நிக்குது."

"நீ செல்றண்டா சரிதான்" என்றாள் கைறுன்னிஸா. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மின்ஹாஜிடம் ஒவ்வொரு பைக்கும் குறுக்குவிசாரணை செய்தவள்.

கந்தோரில் பையைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. முகாமையாளர் கூட நல்ல பேக் என்றார். கைறுன்னிஸா கேட்டவருக்கும் கேளாதவருக்கும் 'சுவிஸ் தோல், பிரஷா தந்தது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பிரஷாந்திக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சும்மா கிடந்ததைக் கொடுத்ததற்கு இவ்வளவு பெயரா என்று ஒரு சின்னக் கூச்சம், அதைவிடப் பெரிய சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உதயரூபன் வீடியோவில் வந்தான். சமைத்த கதை, பனி கொட்டிய கதை எல்லாம் முடிந்தபின், நான் தந்த பேக்கைப் பாவிக்கிறியா அக்கா என்று கேட்டான். எங்கட கைறுன்னிஸாவுக்குக் குடுத்திட்டன் என்றாள். தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"எந்தக் கைறுன்னிஸா? ஏறாவூர்க் கைறுன்னிஸாவா?"

"ஓம். ஏன்டா?"

"ஐயோ அக்கா. அது பண்டித் தோல். அதிலயே எழுதியிருக்கே. ஷ்வைன் எண்டா இஞ்ச பண்டி."

பிரஷாந்திக்கு, நாடும் பன்றியும் ஒரே எழுத்தில் தொடங்கும் ஒரு பாஷையா என்று முதலில் அந்தப் பாஷை மேல் கோபம் வந்தது. பிறகு தம்பி மேல் வந்தது. கடைசியாகப் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் சொன்னான், ஒண்டும் சொல்லாத, நான் திருப்பிக் கேக்கிறன் எண்டு சொல்லி வாங்கிரு, அவவுக்குத் தெரியவே வராது. அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொன்னால் கைறுன்னிஸா இனித் தன் பேச்சை நம்புவாளா? தண்ணீர் கூட வாங்கிக் குடிப்பாளா? சொல்லாவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும், ஒரு பையைத் தவிர.

திங்கட்கிழமை காலை சந்தியில் கைறுன்னிஸா நின்றாள். பை பளபளத்தது.

"தேங்காயெண்ணெ பூசி மினுக்கினன் கா. உம்மா கையால தடவித் தடவிப் பாத்தா" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

பை இருவருக்கும் நடுவில் இருந்தது. அதன் கொளுக்கி பிரஷாந்தியின் முதுகில் குத்திக்கொண்டே வந்தது. வாழைச்சேனையும் தாண்டியது. பின்னால் கைறுன்னிஸா மகளின் தவணைப் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பிரஷாந்தி வீதியைப் பார்த்தபடி சொன்னாள்.

"கைறு, தம்பி அந்தப் பேக்கத் திருப்பிக் கேக்கிறான் கா."

"ஓம், குடுத்திருவம். அவன்ட சாமான்தானே" என்றாள் கைறுன்னிஸா உடனே. "இண்டைக்கே எடுத்துக்க. எனக்கு மகள்ட பழைய பேக் இரிக்கி." பிறகு அவள் பரீட்சைக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, குரலில் ஒரு சுணக்கம் இல்லை. பொய் இவ்வளவு இலேசாகப் போய்விடும் என்று பிரஷாந்தி நினைக்கவில்லை.  காலையில் மூன்று வீட்டுக் கிணறு பார்த்தார்கள். ஒரு கிணற்றின் ஆழத்தை அவள் பிழையாக எழுதினாள், கைறுன்னிஸாதான் திருத்தினாள்.

பகலில் பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி வாவிக்கரையில் ஒரு மரநிழலில் நிறுத்தினார்கள். வழமையாக நிறுத்தும் இடம். கைறுன்னிஸா போத்தல் தண்ணீரில் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுளு எடுத்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பையின் மடிப்பைத் தூக்கி, உள்ளேயிருந்து வெள்ளைத் தொழுகை உடுப்பை எடுத்து உதறினாள். அதில் பையின் எண்ணெய்க் கறை ஒன்று மஞ்சளாகப் பட்டிருந்தது.

"கைறு, அத உடுக்காத" என்றாள் பிரஷாந்தி.

"ஏன் கா?"

"அந்தப் பேக் பண்டித் தோல். நான் பிழையா வாசிச்சிட்டன்."

கைறுன்னிஸா உடுப்பைப் பிடித்த பிடியில் நின்றாள். பிரஷாந்தி எழுத்தைப் பற்றியும் நாட்டின் பெயரைப் பற்றியும் என்னவெல்லாமோ சொன்னாள். சொல்லச் சொல்ல அது சிரிப்புக்கதை போல ஆகிக்கொண்டு வந்தது. அவளுக்கே வெறுத்துப்போய் இடையில் நிறுத்திவிட்டாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நேத்துப் பின்னேரம்."

"அப்ப தம்பி திருப்பிக் கேட்டது?"

"கேக்கல்ல. பொய்."

கைறுன்னிஸா உடுப்பை ஒரு வேர் மேல் வைத்தாள். கோப்பு, டெப், தண்ணீர்ப் பெட்டி, இஞ்சி மிட்டாய் இரண்டு, எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் பிரஷாந்தி தாங்கியிருப்பாள்.

"தெரியாமத் தந்தது சரி" என்றாள் கடைசியில். "தெரியாமச் செய்றதுக்கு எங்களுக்குக் குத்தமில்ல. உம்மாட்டயும் நான் செல்லிக்குவன். ஆனா, ரோட்டுல வெச்சி அந்தப் பொய்ய என்னத்துக்குக் கா சொன்ன? நான் ஓம் எண்டு செல்லிட்டனே."

பிரஷாந்திக்கு அழுகைதான் வந்தது. கைறுன்னிஸா அதைப் பார்க்காமல் அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாவிக்குள் இறங்கினாள். கணுக்காலளவு தண்ணீரில் குந்தி, கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழைத்துக் கை, முழங்கை, முகம் என்று தேய்த்தாள். அதைக் கழுவிவிட்டு மறுபடி கழுவினாள். வாய் முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருந்தது. பன்றி பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. பிறகு உடுப்பை நனைத்து அதையும் தொடங்கினாள்.

பிரஷாந்தி வெறுமையான பையை எடுத்து மூடி ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் போட்டாள். அவள் கையெல்லாம் வியர்வை, எண்ணெய் பிசுபிசுத்தது. திரும்பி வந்து கரையில் நின்றாள். உடுப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அவள் கையை நீட்டினாள்.

"நீயும் கழுவு" என்றாள் கைறுன்னிஸா, திரும்பாமலே. "கழுவாட்டி என்னத் தொட ஏலா."

பிரஷாந்தி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். நாலு முழம் தள்ளிக் குந்தி மண்ணை அள்ளினாள். ஒன்று. இரண்டு. தூரத்தில் ஒரு தோணி பாலத்துக்குக் கீழே நுழைந்து மறைந்தது. வந்த தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. நாலா, ஐந்தா என்று அவளுக்குச் சந்தேகமாகப் போய்விட்டது. கேட்க வாய் வரவில்லை. ஈரக் கைகளை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு பிடி மண் அள்ளி, ஒன்றிலிருந்து தொடங்கினாள்.