ஜமீன்தாரின் குளியல்

தையல்காரரின் நாய்க்குப் பெயர் ஜமீன்தார். மாதம் ஒருமுறை பிராணிகள் ஆஸ்பத்திரியில் அதற்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போடுவார்கள். நர்ஸ் அதன் தோள்களுக்கு நடுவே முடியைப் பிரித்து, தோல் தெரிகிற இடமாகப் பார்த்துச் சொட்டு விடுவாள்.

"ரெண்டு நாளைக்குத் தண்ணி படக் கூடாதுண்ணே," என்பாள்.

அந்த 'அண்ணே' பூச்சியைவிட அதிகமாகக் கடிக்கும். ஆனாலும் முப்பத்து நான்கு வயதில் தையல்காரருக்கு வாய்த்த சந்தோஷம் அந்த ஐந்து நிமிடம்தான். அதையும் மாதத்துக்கு ஒன்று என்று அளந்து கொடுத்தது அந்தப் பாழாய்ப்போன மருந்து. ஆகவே வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஜமீன்தாரைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். இரண்டாம் வாரமே நாய் சொறிய ஆரம்பித்தது. தையல்காரர் நல்ல சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார்.

மூன்றாம் முறை இப்படிப் போனபோது நர்ஸின் முகம் வாடியிருந்தது.

"உங்க நாய் என் வேலைக்கே உலை வைக்கப் போகுதுண்ணே. எனக்கு மருந்து விடவே தெரியலைன்னு டாக்டர் நினைக்கிறார். இன்னிக்கும் பூச்சி இருந்தா வேற ஆளைப் பார்த்துக்கறாராம்."

நாயை வாரினாள். சீப்பில் இரண்டு பூச்சி துள்ளின.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா?"

தையல்காரர் சீப்பையே பார்த்தார். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

"தப்பு அவங்க மேல இல்ல சார். நான்தான் மருந்து போட்ட அன்னிக்கே குளிப்பாட்டிடறேன்."

"ஏன்யா, அவங்க சொல்லலையா?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க. பூச்சி போயிட்டா எனக்கு இங்க என்ன வேலை சார்?"

டாக்டர் அவரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நர்ஸ் நாயை எடை போட்டு, அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பிஸ்கட் என்று நினைத்து ஜமீன்தார் மென்று விழுங்கியது.

"இது மூணு மாசம் தாங்கும். கிணத்துல முக்கி எடுத்தாலும் போகாது."

தையல்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சங்கிலியைப் பிடித்தார். வாசலைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"என் வெள்ளைக் கோட்டு தோள்ல லூசா இருக்கு. பிடிச்சுக் குடுக்கணும். வியாழக்கிழமை கடை உண்டா?"

"உண்டு," என்றார். வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை.

தெருமுனை வரை போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் 'அண்ணே' போடவில்லை.