செட்டில் ஒரு ஆள் குறைவு

ஏசி வாங்கவா நான் நன்னிலம் பக்கம் வரப்பு வரப்பாக அலைந்தேன்? டாக்டர் அரசப்பன் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தஞ்சாவூரில் எங்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையின் தலைவர். நான் அம்சம், அங்கே ப்ராஜெக்ட் மேனேஜர். ஒப்பந்த வேலைதான், வருடா வருடம் மார்ச்சில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் எனக்கு வேலை. வெயிலில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்க டெல்லியிலிருந்து நிதி வந்திருந்தது. நடவு நாளிலேயே ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு வரும் பெண்ணுக்கு அரை நாள் கூலி என்று பட்ஜெட் போட்டவர் அரசப்பன். ஐப்பசியில் முகாம் வைத்தோம். ஷாமியானா, நாற்காலி, பிஸ்கட் எல்லாம் இருந்தன; பெண்கள்தான் வரவில்லை.

எப்படி வருவார்கள்? எங்கள் பக்கம் நடவுக்கு யாரும் தனியாகப் போவதில்லை. பல பேர் ஒரு செட்டாகச் சேர்ந்து கூலி பேசி வயலை எடுப்பார்கள், செட்டாகவே நட்டு முடிப்பார்கள். ஒருத்தி நடுவில் கரையேறினால் அவள் பங்கையும் மற்றவர்கள் குனிந்து நட வேண்டும். அரை நாள் என்று அங்கே ஒன்று கிடையவே கிடையாது. கூலி உயர்வு கேட்டு, ஒரு ஆள் குறையாமல் வரப்பில் உட்கார்ந்து அறுவடையை நிறுத்திய ஊர் எங்களுடையது. என் அம்மாவும் அதில் உட்கார்ந்தவள்தான். இதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார் மனுஷன்.

இப்போது மார்ச். போன வருடம் ஆட்சி மாறி, சுவரில் முதலமைச்சர் படம்கூட மாறிவிட்டது. எங்கள் துறையின் மார்ச் மாதப் பழக்கம் மட்டும் மாறவில்லை. மிஞ்சிய பணத்தை எதையாவது வாங்கித் தீர்த்துவிடுவார்கள். இந்த வருடம் பெண்களின் கூலிப் பணத்தில் ஏசி. அதற்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரே வரி: பெண்கள் ஒத்துழைக்கவில்லை.

பம்புசெட் வயல்களில் கோடை நடவு நடக்கிறது, செட்டு முழுவதற்கும் முழு நாள் கூலி கொடுத்து வயலிலேயே ரத்தம் எடுப்போம் என்றேன். இருக்கிற பணத்திலேயே முடியும் என்று கணக்குப் பிரிவு ஜெகபர் அலி பாயும் சொன்னார்.

"நாலு பேர் ரத்தத்துக்கு ஒரு கூட்டத்துக்கே கூலியா? ஆடிட்டுல என்னம்மா சொல்லுவ?" என்றார் அரசப்பன்.

"தனி ஆளா யாரும் நடவு நடுறதில்லன்னு சொல்லுவேன் சார்."

அந்த வரியை எழுதாவிட்டால் அடுத்த வருட வேலையை மறந்துவிடலாம் என்றார்.

"எழுத மாட்டேன் சார். வர மாட்டோம்னு அவங்க சொல்லவே இல்ல. எப்ப வர முடியும்னு நாமதான் கேக்கல."

டெல்லிக்குக் காலாண்டு அறிக்கை அனுப்புவது என் வேலை. நடந்ததை நடந்தபடியே எழுதி, முழு நாள் கூலிக்கும் அனுமதி கேட்டு அனுப்பினேன். தலையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஜெகபர் பாய் கிண்டல் செய்தார். டெல்லி ஒப்புக்கொண்டது, ஏசி கிடையாது என்றும் சொல்லிவிட்டது. அரசப்பன் என் புதுப்பிப்பில் கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரல் பிறந்ததும் வீட்டில் உட்கார்ந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அழுதேன், அவரைத் திட்டித் தீர்த்தேன், ஆனால் அந்த வரியை எழுதியிருக்கலாமோ என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

அதே மாதம், வயலிலேயே ரத்தம் எடுக்க வைத்த முகாம் அன்று காலை ஜெகபர் பாய் போன் செய்தார். குரலில் சிரிப்பு அடங்கவில்லை. நடவு செட்டின் தலைவி ராமாயி அக்கா வயலில் இறங்கும் முன்பே என்னைத் தேடியிருக்கிறார். வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் செட்டு மொத்தமும் வரப்பில் உட்கார்ந்துவிட்டதாம். நர்சுகள் ஊசியோடு நிற்கிறார்கள், யாரும் கை நீட்டவில்லை.

"எங்ககிட்ட வந்து பேசுனது அந்தப் பொண்ணு. அது எங்க செட்டு. ஒரு ஆள் குறைஞ்சா நாங்க எறங்குறதில்ல" என்றாராம் அக்கா.

அரசப்பன் போனை வாங்கினார். வயலில் வெயில் ஏறுகிறது என்றார், டெல்லியிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்றார். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரிம்மா, இன்னிக்கு ஒரு அரை நாள் வந்துட்டுப் போ."

அம்மாவின் ஞாபகம் வந்தது எனக்கு.

"அரை நாளுக்கு எங்க ஊர்ல யாரும் எறங்க மாட்டாங்க சார். என் வேலை ஆர்டர்ல கையெழுத்துப் போட்டு ராமாயி அக்கா கையில குடுங்க. வர்றேன்."

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அக்கா இன்னும் வரப்பில்தான் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த ஆர்டரை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாக நர்சிடம் நீட்டினார்.