தம்பி வாங்க வந்த வண்டி

ஜெபிஷாவுக்குக் கடவுள் கொடுத்த குரலில் கொஞ்சம் மணல் கூடிப்போயிருந்தது. நாசரேத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளில், பாடகர் குழுவில் அவளைப் பெண்கள் பக்கம் நிறுத்திப் பார்த்துவிட்டு, சரிப்படாமல் பையன்களோடு கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அழுதாள். இப்போது முப்பத்தைந்து வயதில், அதே குரல்தான் ஒரு மோட்டார் சைக்கிளை அவள் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் அவளுக்கு வேலை. தேங்காய் நாரும் முருங்கைப் பொடியும் அவள் தயவில் கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றின. அனுப்பி வைக்கிறவள் மதுரையைத் தாண்டியதில்லை. முருங்கைப் பொடியைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்த பிறகுதான், இனி பொறுப்பதில்லை என்று முடிவெடுத்தாள். கன்னியாகுமரியில் திரும்பி, மேற்குக் கடற்கரையைப் பிடித்துக் குஜராத் வரை தனியாகப் போய்வர வேண்டும். அதற்கு நிமிர்ந்து உட்காரும் சீட்டு, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பெட்டி மாட்ட இடம், நாளெல்லாம் ஓடினாலும் அசராத எஞ்சின் எல்லாம் உள்ள வண்டி வேண்டும். ஷோரூமில் புதிதாக எடுக்க வழியில்லை.

பழைய வண்டி விற்கிறவர்களோ அவள் பெண் என்று தெரிந்ததும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "வீட்டுல அண்ணன் தம்பி இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்" என்றான் கோவில்பட்டிக்காரன். வண்டியைக் காட்டவே இல்லை. ஜெபிஷாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அப்போதுதான் முத்தையாபுரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் விளம்பரம் போனில் வந்தது. கூப்பிட்டாள்.

"சொல்லுலே தம்பி, பேரென்ன?"

"ஜெபி அண்ணாச்சி. வண்டி இருக்கா?"

அவள் பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழில் 'நான் வாரேன்' என்பதற்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அவர் தம்பி என்றார், அவள் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் பேச்சு. குஜராத் போகிற திட்டத்தையும் அவரிடம் சொல்லிவிட்டாள். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவரே கூப்பிடுவார். "ஏலே, பாக்கத்தான் அது காடுமேடு ஏறுத வண்டி மாரி இருக்கும். ஏமாந்துராத. தார் ரோட்டுக்குப் பொறந்தது அது. மண்ணுல எறக்குனா கோவிச்சுக்கிடும். நான் வாங்குன நாள்லேர்ந்து ஒரு தடவ கீழ விழுந்தது கெடையாதுலே." முட்டி வலியால்தான் விற்கிறாராம். விலை பேசி முடிந்தது. "சனிக்கெழம வா. வேற எவனுக்கும் காட்ட மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினாள். உப்பளத்துப் பாதை தொடங்கும் இடத்தில் வீடு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த அண்ணாச்சி அவளைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் தேடினார்.

"தம்பி வரலியாம்மா?"

"நான்தான் அண்ணாச்சி அந்தத் தம்பி."

குரலைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். வீட்டுக்குள் திரும்பி, "ஏளா பேச்சித்தாயி, காப்பி போடு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

ஜெபிஷாவுக்கு அந்த 'வாங்க' பிடிக்கவில்லை. போனில் இத்தனை நாள் வாய்க்கு வாய் 'ஏலே' போட்ட மனுஷன் இப்போது 'வாங்க' என்கிறார். நம்ம பக்கத்தில் ஆம்பளையை ஏலே என்றும் பொம்பளையை ஏளா என்றும் அதட்டுகிறவரை காரியம் நடக்கும். மரியாதை வந்துவிட்டால் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

"தப்பா எடுத்துக்கிடாதிய. இது ஆம்பளயளுக்கே அடங்காத கனம்" என்றார் அண்ணாச்சி. "நீங்களோ கட்டையா இருக்கிய. காலு எட்டாது."

"காப்பி குடிக்க வரல அண்ணாச்சி. வண்டியக் காட்டுங்க. ஓட்டத் தெரியலன்னா நானே பஸ் ஏறிப் போயிருதேன்."

பேச்சித்தாய் காப்பியோடு வந்து நின்றாள். யாரும் கேட்காமலே, "காட்டத்தான் செய்யுங்களேன்" என்றாள்.

தார்ப்பாயை உருவியதும் ஜெபிஷாவுக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. சாம்பல் நிறத்தில், எருமைக் கிடா மாதிரி அகலமாக நின்றது. இடது பக்கத் தகட்டில் பெரிய வேல் ஸ்டிக்கர். ஏறி உட்கார்ந்தாள். உண்மையில் கால் எட்டத்தான் இல்லை. பெருவிரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து ஒரு காலை முழுதாக ஊன்றிக்கொண்டாள். சிநேகிதி ஒருத்தியின் வண்டியில் மாதக்கணக்கில் பழகிய வித்தை.

எஞ்சின் சத்தம் அவள் குரலைப் போலவே அடித்தொண்டையில் இருந்தது. தார் ரோட்டில் அலுங்காமல் போனாள். கியர் மாற்றியதும் அது பாய்ந்த பாய்ச்சலில், இது என் வண்டி, இதை விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். திரும்பி வந்து வீட்டெதிரில் வளைக்கும்போது நிலக்கரி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓரம் ஒதுங்கினாள். ஓரம் என்பது உப்பளத்து மணல். முன்சக்கரம் வழுக்கியது. வலது கால் தரையைத் தேடியது. அந்த இடத்தில் தரை பள்ளமாக இருந்தது.

வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அவள் குதித்துத் தப்பினாள்.

அண்ணாச்சி நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். "அடிபட்டுச்சாம்மா? நான்தான் சொன்னம்லா!" ரோட்டோர டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஏலே, ரெண்டு பேரு வாங்கலே, வண்டியத் தூக்கணும்!" என்று கத்தினார்.

"யாரும் வர வேண்டாம்" என்றாள் ஜெபிஷா. அவமானத்தில் காது சூடாகியிருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போது வேறொருவர் கை பட்டால் வண்டி போயிற்று, குஜராத்தும் போயிற்று.

எஞ்சினை நிறுத்தினாள். சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவைக்க மேல்பக்கம் குனிந்தபோதுதான் வேல் ஸ்டிக்கரின் ஓரம் உப்புக் காற்றில் பெயர்ந்திருப்பதைக் கண்டாள். அதற்கடியில் தகடு ஆழமாக உராய்ந்து கிடந்தது. கால் வைக்கும் கம்பியின் முனையும் தேய்ந்திருந்தது. சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினாள். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக் காலை ஊன்றித் தள்ளினாள். வண்டி எழும்பி, மணலில் கால் வழுக்கி, மறுபடி படுத்துவிட்டது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். வழுக்கும் மணலை ஷூவால் வழித்துவிட்டு, மறுபடி குந்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கமாகவே சின்னச் சின்ன அடியாக வைத்தாள். வண்டி எழுந்து, நிமிர்ந்து, சைடு ஸ்டாண்டில் போய் நின்றது.

மூச்சு வாங்கியபடியே அவள் கேட்டாள்.

"இந்த ஸ்டிக்கருக்கு அடியில என்ன அண்ணாச்சி?"

"முருகன்."

"முருகனுக்கு அடியில?"

அண்ணாச்சி வேட்டி முனையைப் பார்த்தார். "திருச்செந்தூர் ரோட்டுல சாஞ்சிட்டு" என்றார் மெதுவாக. "என்னால தூக்க முடியல. லாரிக்காரனுவ எறங்கித் தூக்கிவிட்டானுவ. 'பெருசுக்கு எதுக்கு இந்த வேல'ன்னானுவ. அதோட தார்ப்பாயப் போட்டு மூடிட்டேன்."

அப்படியானால் விற்பதற்குக் காரணம் முட்டி வலி மட்டும் இல்லை. ஜெபிஷாவுக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. கோவில்பட்டிக்காரன் வாயால் அவள் கேட்ட மாதிரிப் பேச்சைத்தான் லாரிக்காரர்கள் வாயால் அவரும் கேட்டிருக்கிறார். "விலையில ஒன்னும் கொறைக்க வேண்டாம். பேசுனது பேசுனதுதான்" என்றாள். "எப்படித் தூக்கணும்னு வேணா ஒங்களுக்கும் சொல்லித் தாரேன்."

அவள் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டில் ஒட்டிய மணலை அவர் தட்டி அவள் கையில் கொடுத்தார்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவள் வண்டியைக் கிளப்பி வாசலை விட்டு நகர்த்தியபோது பின்னாலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"ஏளா!"

"என்ன?" என்று பேச்சித்தாய் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒன்னய இல்லளா, இவள!" அண்ணாச்சி ரோட்டுக்கே வந்துவிட்டார். "ஏளா, கிளட்ச்ச இப்படிப் படார்னு விட்டா குஜராத் எங்க போயிச் சேருவ? மெதுவா விடு. வண்டி உப்புக்காத்துல சும்மா நிக்குதுன்னு மட்டும் என் காதுல விழட்டும், நேரா வந்து தூக்கிட்டு வந்துருவேன்!"

"நீங்களா அண்ணாச்சி தூக்குவிய?"

"போளா!" என்று சிரித்துக்கொண்டே கையை ஓங்கினார்.

அவள் கிளட்சை மெதுவாக விட்டாள்.