துரைசானிக்கு வழி விடுங்க

கதவு அறைந்து சாத்திக்கொண்டபோது அழகேசன் முதலில் காற்றைத் திட்டினார். அடுத்த நொடி வெளிப்பக்கம் இரும்புக் கொண்டி விழுந்த சத்தம் கேட்டதும் தன்னையே திட்டிக்கொண்டார். திருடன் உள்ளே போகக்கூடாது என்று அவரே தேடி வாங்கிப் போட்ட கொண்டி அது. உள்ளே இருப்பவன் வெளியே வரவேண்டியிருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

காலை மணி பதினொன்று. வெளியே வெயில் கொளுத்தியது; உள்ளே கும்மிருட்டு. கோலா சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிற பழைய துரை பங்களா அது. அழகேசன் அதன் சன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, காற்றுக்கு மட்டும் சுவர் நெடுகக் குழாய்களைச் செருகி, குருவி வீடாக மாற்றியிருந்தார். சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்களே, அந்தக் கூட்டைக் கட்டும் குருவிகள். குருவிகளுக்கு இருட்டும் புழுக்கமும் பிடிக்கும். அழகேசன் இனிப்பு நீர்க்காரர்; சர்க்கரை வியாதி. அவருக்கு இரண்டும் ஆகாது. சாயங்காலம் வரை அங்கே கிடந்தால் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். தொலைபேசியோ, குருவி மிரளும் என்று வெளியே மோட்டார் சைக்கிள் கூடையில் விட்டு வந்தது.

அந்தப் பக்கம் யாராவது வந்தால் கூப்பிடலாம். ஆனால் அந்தப் பக்கம் யாரும் வராமல் இருப்பதற்கான ஏற்பாட்டைச் செய்தவரும் அவரேதான்.

மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு தடவை கூடுகள் திருட்டுப்போயின. காவலுக்கு ஆள் வைத்தால் ஆளே திருடுகிறான். அந்தச் சமயத்தில் சாலையோர ஒட்டுக்கடையில் ரோஸ் சிராப் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த பங்களாவில் முன்னே யார் இருந்தது என்று ஒருவன் கேட்டான். "ரோஸி துரைசானி" என்று வாயில் வந்ததைச் சொன்னார். துரை கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை, துரைசானி காய்ச்சலில் மாடியறையிலேயே செத்துப்போனாள், இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். சிராப் தீர்வதற்குள் கதை முடிந்துவிட்டது. ஒரே வாரத்தில் சபாக் வரைக்கும் துரைசானிக்குப் பெயர் பரவியது. அப்புறம் ஒரு கூடு குறையவில்லை. மனைவி சந்திரிகாவிடம்கூட அது புளுகு என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் கோயில் வரைக்கும் போய்விடும்.

குழாய் வழியே பேச்சுக்குரல் கேட்டது. ஒன்று அவருடைய பக்கத்து வீட்டு ரமணி. இன்னொன்று மாதாகோயிலில் பாட்டுப் பாடுகிற டொரீன்.

"குறுக்கு வழி, குறுக்கு வழின்னு இப்படிக் கூட்டியாந்திட்டியே ரமணி. அந்த வூட்டப் பாக்காத, நேரா நட."

"நான் எங்கக்கா பாக்குறேன்? நீங்கதான் பாத்துக்கிட்டே வர்றீங்க."

அழகேசன் குழாயில் வாயை வைத்தார். "ரமணி! ஏ ரமணி!"

குழாய்க்குள் புகுந்த குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வெளியே போயிற்று. செருப்புச் சத்தம் நின்றது.

"அக்கா... எம் பேரச் சொல்லுது."

"பதில் சொல்லிடாத. மூணு தடவ கூப்பிடும். ஏன்னு கேட்டியோ, தொலஞ்ச."

"நான்தான் அழகேசன்! கதவத் தொறங்க!"

"அலமாக்! அழகேசன் அண்ணன் கொரல்லயே பேசுது லா!"

"அச்சு அசலு. இருமல்கூட வச்சிருக்கு பாரு."

"நெசமா நான்தான்! நம்புங்க!"

"மனுசன் எவனாவது நெசமா நான்தான்னு சொல்லுவானா? பேய்தான் சொல்லும்."

அழகேசனுக்குக் கோபம் தலைக்கேறியது. "பேயாவது மண்ணாவது! பேயே கெடையாது! அது நான் கட்டிவிட்ட கத!"

"பேயே கெடையாதுன்னு பேயே சொல்லுது, கேட்டீங்களாக்கா? கதவத் தொறக்க வைக்க எப்படியெல்லாம் நடிக்குது!"

"இரு, இரு. அங்க நிக்கிறது அவரு மோட்டாருதானே?"

ரமணி தன் தொலைபேசியை எடுத்து அழைத்திருக்க வேண்டும். மோட்டார் கூடையில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

"மோட்டாரு நிக்குது, போனு அடிக்குது, ஆள மட்டும் காணோம்" என்றாள் டொரீன்.

"ஆளு முடிஞ்சாச்சிக்கா. கொரல மட்டும் எடுத்து வச்சிக்கிச்சி." ரமணி விசும்பத் தொடங்கினாள். "தங்கமான மனுசன்! போன வாரம்தான் சாக்கட அடச்சிக்கிச்சின்னு வாய்க்கு வந்தபடி பேசுனேன்!"

ரமணி தன்னைத் தங்கமான மனிதன் என்று சொல்லி அழகேசன் கேட்பது அதுவே முதல் தடவை. அதை ரசிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

ரமணி அழைத்துச் சொல்ல, அரை மணி நேரத்தில் கிழவர் சன்னாசி வந்து சேர்ந்தார். தோட்டம் இருந்த காலத்தில் கூலிகளை மேய்த்த மண்டோர். இப்போது முனியாண்டி கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் கையிலிருந்த எதுவோ கலகலவென்று சத்தம் போட்டது.

"என்னா மண்டோரே அது?"

"ஆணி. ஆறு அங்குலம், ஏழு ஆணி. புளியமரமா இருந்தா மரத்துல அடிக்கிறது. இங்க கதவ நெலையோட சேத்து அடிச்சிட்டாப் போதும். ஜென்மத்துக்கும் வெளிய வராது."

உள்ளே அழகேசன் கதவைத் தோளால் முட்டிப் பார்த்தார்.

"நில்லுங்க" என்றாள் டொரீன். "அது வெள்ளக்காரி. ஒங்க ஆணிக்குக் கட்டுப்படுமா? நான் ஜெபம் பண்றேன்."

"செத்தது எங்க? தோட்டத்துலதானே? தோட்டத்து எல்லைக்குள்ள முனியாண்டி சொல்றதுதான்."

"கத்தோலிக்கமா, மெத்தடிஸ்டான்னாவது கேட்டுட்டு அடிங்க."

சன்னாசி கேட்கவில்லை. முதல் ஆணி இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் கதவு அதிர்ந்து, உத்தரத்திலிருந்து எச்சமும் சுண்ணாம்புத் தூசியும் அழகேசன் தலையில் கொட்டின. "மண்டோரே! மண்டோரே! நான் செத்துப்போயிடுவேன்!" என்று கத்தினார்.

"செத்தது தெரியாமயே சுத்துது, பாவம்" என்றார் சன்னாசி, இரண்டாவது ஆணியை எடுத்தபடி.

அப்போது ரமணியின் குரல் கேட்டது. "தள்ளுங்க, தள்ளுங்க! சந்திரிகா அக்கா வந்தாச்சி. தொரசானி இவங்ககிட்டதான் பேசும்!"

அழகேசன் இருட்டில் விழித்தார். இவளிடம் துரைசானி ஏன் பேசவேண்டும்?

"நீங்கல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சந்திரிகா சொல்வது கேட்டது. பிறகு குழாயருகே, தணிந்த குரலில்: "ஏங்க, நீங்கதானே?"

"நான்தான், சந்திரிகா! நான்தான்!"

"தெரியும். கத்தாதீங்க. முப்பத்தஞ்சி வருசமா கேக்கிற இருமல்."

"அப்ப அவங்ககிட்ட சொல்லு!"

"சொல்றேன். தொரசானியே கெடையாது, நான் கட்டிவிட்ட கதன்னு கத்துனீங்களாமே?"

"ஆமா. சிராப் குடிக்கிறப்ப வாயில வந்த பேரு அது."

"அப்ப ரெண்டு வருசமா என் கனவுல வந்து பேசறது யாரு?"

"எந்தக் கனவு?"

"வெள்ளிக்கெழம ஆனா பத்துப் பேரு நம்ம வூட்டுல வந்து உக்கார்றாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"துணி தைக்கக் குடுக்குறாங்கன்னு..."

"தையல் மெஷினு ஒடஞ்சி மூணு வருசமாச்சிங்க."

அழகேசன் குழாயிலிருந்து வாயை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். "சந்திரிகா, சொன்னாக் கேளு. அப்படி ஒருத்தி இருந்ததே இல்ல."

"அவங்களுக்கு எடது காதுல கம்மல் இருக்காது. வலது காதுல மட்டும் ஒத்தக் கல்லு. இத நீங்க ஒட்டுக்கடையில சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கு யாரு சொன்னா?"

அவ்வளவு புழுக்கத்திலும் அழகேசனுக்கு முதுகு சில்லிட்டது. தன் பின்னால் இருந்த இருட்டைத் திரும்பிப் பார்க்க நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"பக்கத்துல படுத்துக்கிட்டு மூணு வருசமா என்கிட்ட மறச்சிருக்கீங்க" என்றாள் சந்திரிகா. "இப்ப நான் போயி, இது எம் புருசன், தொரசானி புளுகுன்னு சொன்னா, நாளைக்குக் குறி கேட்டு என்னத் தேடி யாரு வருவா? கோயில்ல நான் நொழஞ்சா எந்திரிச்சி எடம் குடுக்குறாங்க. ஒங்களுக்காவது யாராவது எந்திரிச்சிருக்காங்களா?"

"அதுக்கு நான் சாவணுமா?"

"யாரு சாவச் சொன்னா? தொரசானி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்களாவே பேசுங்க. அவங்களாவே வெளிய வாங்க."

மூன்றாவது ஆணி நிலையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அழகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேசினார். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. மெலிந்து, நீண்டு, மூக்கால் வந்தது.

"யாருடா அது, என் கதவுல ஆணி அடிக்கிறது?"

சுத்தியல் நின்றது. பேயை விசாரிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. பெயரைக் கேட்டு, 'டி' போட்டுத் திட்டி, வேப்பிலையால் அடித்து, போகிறாயா இல்லையா என்று மிரட்டவேண்டும். சன்னாசி எத்தனையோ பேயைத் திட்டியவர்தான். ஆனால் முப்பது வருஷம் மண்டோராக இருந்த உடம்பு வேறு மாதிரி பழகியிருந்தது.

"நாந்தான் மேடம். மண்டோரு சன்னாசி. மன்னிச்சிக்குங்க மேடம்."

"தொப்பியக் கழட்டு."

"கழட்டிட்டேன் மேடம்."

"தொரசானிக்கு ஏது தமிழு?" என்றாள் டொரீன் சந்தேகத்தோடு.

"அந்தக் காலத்துத் தொரைங்க தமிழ் படிச்சிப் பரீச்சை எழுதினவங்க. தொரசானி பக்கத்துல ஒக்காந்து கேட்டே கத்துக்கிட்டிருக்கும்" என்றார் சன்னாசி. பிறகு கதவைப் பார்த்து, "மேடம், ஒங்களுக்கு என்ன வேணும்?"

"போகணும். கதவத் தொற. போயிடுறேன்."

"கதவு எதுக்கு? பேயின்னா கொழா வழியாவே போவலாமே" என்றாள் ரமணி.

அழகேசனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "என்ன எலின்னு நெனச்சியா? தொரசானி நான்! பின்கட்டு வழியாக்கூட போனதில்ல. வாசல் வழியாத்தான் போவேன்!"

"அது நாயம்" என்றார் சன்னாசி. "தொரசானிங்க வாசல் வழியாத்தான் போவாங்க. நான் பாத்திருக்கேன்."

ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அடித்ததைவிடப் பிடுங்க நேரமானது. அதற்குள் ரமணி குழாயிடம் வந்துவிட்டாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. எம் மவ விஷாலினிக்கு ரவாங் ஃபேக்டரியில வேல கெடைக்குமா?"

"கெடைக்கும், கெடைக்கும்!"

"ஷிஃப்டா, ஆபீஸா மேடம்?"

"ஆபீஸு! தள்ளி நில்லு!"

கொண்டி தூக்கப்பட்டது. கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணில் குத்த, தலையிலிருந்து கால் வரை எச்சமும் சுண்ணாம்புமாக வெள்ளை வெளேரென்று அழகேசன் வாசலில் வந்து நின்றார். டொரீன் சிலுவை போட்டுக்கொண்டாள். சன்னாசி வேப்பிலையை நீட்டினார்.

"யாரு?"

"அழகேசன்."

"தொரசானி?"

அவர் சந்திரிகாவைப் பார்த்தார். "போயிட்டாங்க" என்றார்.

"போயிட்டாங்க!" சன்னாசி செம்பனைக் காடே கேட்கும்படி கூவினார். "பங்களா சுத்தம்! இனிமே பயமே இல்ல! யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாம், போவலாம்!"

ரமணி அதற்குள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாலா, போயிடுச்சி. நானே பாத்தேன்... இப்ப காலி. கதவுகூட தொறந்துதான் கெடக்குது. உள்ள கூடா? கொத்துக் கொத்தாத் தொங்குது, வாசல்லேர்ந்தே தெரியுது..."

அழகேசன் ரமணியின் தொலைபேசியையே பார்த்தார். இவ்வளவு பாடுபட்டு வெளியே வந்தது, மூன்று வருஷம் சம்பளமில்லாமல் காவல் காத்தவளைத் தன் வாயாலேயே அனுப்பிவைக்கவா? இல்லை, போகவில்லை என்று இப்போது சொல்லலாம். அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? இந்த ஊரில் நம்பும்படி அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

"சந்திரிகா" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை.

சந்திரிகா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, திறந்த கதவின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு போயிட்டாங்கன்னு சொன்னது?" என்றாள். "இன்னும் நெலையிலதான் நிக்கிறாங்க. வழிய மறச்சிக்கிட்டு நின்னா எப்படி வருவாங்க?"

ரமணியின் பேச்சு பாதியில் நின்றது. சன்னாசி தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகினார். டொரீன் புல்லுக்குள் இறங்கினாள்.

தனக்காகத்தான் சொல்கிறாளா என்று அழகேசன் சந்திரிகாவின் முகத்தைப் பார்த்தார். அவள் யாரையோ நிமிர்ந்து பார்த்து, தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் அடி ஒதுங்கி, வழி விட்டு நின்றார்.