ஞாயிற்றுக்கிழமை வலையில் இரண்டு பறவைகள்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. மானிப்பாயில் சஞ்சிகை நடத்தும் சுபாஸ்கரன் கேட்டது கட்டுரை. அருகிவரும் இரண்டு பறவைகளை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். எழுதினேன். வளைமூக்கு உள்ளான், அழிவாய்ப்பு இனம். கருவால் மூக்கன், ஒரு படி குறைவு, அச்சுறுத்தலை அண்மித்த இனம். வாசித்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. சரி, கதையாகவே எழுதுவோம். றெஜினா, நீ வா.

2

கடல்நீரேரிக் கரையில், பனி விலகாத காலையில், பறவைகளின் இன்னிசை... (சீ! அடித்துவிட்டேன்.)

ஞாயிறு பூசை முடிந்து றெஜினா கரைவழியே வந்தாள். கணவன் ஜெரிசன் சேற்றில் தடி நட்டுக் கட்டியிருந்த வலையில் இரண்டு பறவைகள் சிக்கித் துடித்தன. மேலே உள்ளான், கீழே மூக்கன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

(ஊர்ப் பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை வலையில் கைவைத்தால் மீனவர் சங்கம் அந்த வீட்டுக்காரரை ஒரு கிழமை முழுக்கக் கடலில் இறங்க விடாது. போன மாதம் ஜெரிசன் அப்படி வீட்டில் இருந்தபோது அடுப்பு எரிந்த லட்சணம் றெஜினாவுக்குத்தான் தெரியும்.)

3

உள்ளானை முதலில் விடுவித்தாள் என்று எழுதினேன். உலகத்தில் அதன் நிலைதானே மோசம்? றெஜினா அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளை எழுதுவது நானா, அவளா? இனங்களின் நிலை, படி, பட்டியல் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அண்ணை, உங்கடை பட்டியலை விடுங்கோ. இப்ப எதின்ரை கழுத்துக்குத் தண்ணி வந்திருக்கு?"

மூக்கனின் கழுத்துக்கு.

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மூக்கனைப் பிரித்தெடுத்தாள், அது அவள் கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. உள்ளானை எடுக்க வலையை அறுக்க வேண்டியிருந்தது. அறுத்தாள்.

4

முடிவு ஒன்று: சங்கத் தலைவர் செபநாயகம் மனமிரங்கி... (இரங்கமாட்டார். அவரை எழுதியவன் எனக்குத் தெரியாதா?)

முடிவு இரண்டு: வலையை நண்டு வெட்டியது என்று சொல்லிவிடு என்றேன். காலைப் பூசையில் நன்மை வாங்கிய வாயால் பொய் சொல்லமாட்டாளாம். சொல்வழி கேளாத பெண்!

"என்னைக் கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவன். ஆனா ஜெரிசன் பாவம்" என்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

முடிவு மூன்று என்னிடம் இல்லை. செபநாயகம் கரைக்கு வந்துவிட்டார், அறுந்த வலையையும் பார்த்துவிட்டார்.

"ஆர் உதிலை கைவைச்சது?"

என்னைக் கேட்கவில்லை, நான் கதைக்கு வெளியே நிற்பவன். றெஜினா வீட்டுப் படலையைப் போய்த் தட்டுமுன், தொடக்கத்திலிருந்தே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்கிறார்.

உங்களைத்தான்.